சுவரில் இருந்த சடையன்

நான் சொல்லப்போவதில் பாதியை நம்பினால் போதும். எந்தப் பாதி என்று கேட்டால் எனக்கே தெரியாது.

குறுமலை அரசர் சேந்தமாறரின் சபையில் நான் இருந்த காலம் அது. என் பெயர் சடையன். தலையில் ஒரு முடி கிடையாது. பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். அரசருக்கு யோசனை சொல்வது என் உத்தியோகம். அவர் கேட்பதில்லை. நானும் நிறுத்துவதில்லை.

அரண்மனைப் பெரிய மண்டபத்தில் ஒரு சுவர் முழுக்க ஊர்வலம் ஒன்றை வரைந்திருந்தார் ஓவியர் மாடலன். அதில் வரும் யானையைப் பார்த்தால் நாமே ஒதுங்கி வழிவிடுவோம், அப்படி ஒரு கை. அந்த யானைக்குப் பின்னால் மூன்றாவது ஆள் நான். தோள்வரை சுருள் முடி. தொந்தியைக் காணோம். நானாக ஒன்றும் கேட்கவில்லை. அவர் வரையும்போது ஒரு குடம் மலைத்தேன் மட்டும் அனுப்பியிருந்தேன்.

வெளியூர் ஆட்கள் வந்தால் அந்தப் படத்தின் பக்கத்தில் போய் நிற்பேன். ஒருவரும் அடையாளம் கண்டதில்லை. "அந்த மூன்றாவது ஆள் நம் வீட்டுக்கு எப்போது வருவார்?" என்று என் மனைவி கேட்பாள்.

ஒருநாள் காலை ஒற்றன் செய்தி கொண்டுவந்தான். மாடலன் வடகரை அரசன் வீட்டில் விருந்துண்டிருக்கிறார். போன அறுவடையில் எங்கள் வயல்களுக்குத் தீ வைத்த அதே வடகரை. அதோடு விட்டாரா? "தீ வைத்தது சரிதான், குறுமலை ஜனங்களுக்கு அடி விழுந்தால்தான் புத்தி வரும்" என்று பந்தியில் உட்கார்ந்து பேசியுமிருக்கிறார்.

அரசருக்குக் கண் சிவந்தது. "அவன் கைபட்டது எதுவும் இந்த அரண்மனையில் இருக்கக் கூடாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள்."

நான் அவசரமாக முன்னால் போய் நின்றேன். நாட்டை நினைத்து அல்ல. முடியை நினைத்து.

"அரசே, அவன் அயோக்கியன்தான். யானை என்ன செய்தது? ஆள் வேறு, வேலை வேறு."

"எப்படி வேறாகும்? வயலைப் பறிகொடுத்தவன் இந்த மண்டபத்துக்குத்தான் வழக்குச் சொல்ல வருகிறான். அவன் முகத்துக்கு நேரே இந்தச் சுவரை எப்படிக் காட்டுவேன்?"

வாதத்தில் தோற்றால் நான் ரொம்பப் பணிவானவன் ஆகிவிடுவேன்.

"அப்படியானால் பொறுப்பை எனக்குக் கொடுங்கள். அவன் கைபட்டது, அந்தக் கையால் வந்தது, எதையும் விடாமல் அகற்றிவிடுகிறேன்."

"எதையும் விடாதே," என்றார் அரசர்.

சுண்ணாம்புக்காரர்கள் வாளியும் மட்டையுமாக வந்து நின்றார்கள். "கொஞ்சம் பொறுங்கள், வரிசைப்படி செய்ய வேண்டும்," என்று சொல்லிவிட்டு அந்தப்புரம் போனேன். அரசி நல்லமங்கையிடம் உத்தரவைச் சொன்னேன். அவர் சற்று யோசித்தார். பிறகு பெட்டிகளை எடுத்துவரச் சொன்னார்.

ஒரு நாழிகைகூட ஆகவில்லை. அரண்மனை வாசலில் பல்லக்கு. பக்கத்தில் பட்டுப் பெட்டிகள், ஊறுகாய் ஜாடிகள், அரசியின் கிளிக்கூண்டு.

அரசர் ஓடிவந்தார். "தேவி, எங்கே பயணம்?"

"அம்மா வீட்டுக்கு. சடையர் வந்து தங்கள் உத்தரவைச் சொன்னார்."

"உன்னைப் போகச் சொல்லி நான் எப்போது உத்தரவு போட்டேன்?"

குறுமலை அரச குடும்பத்து வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பெண் கேட்க மாப்பிள்ளை போவதில்லை. அவர் படம் போகும். பெண் படத்தைப் பார்த்துத் தலையசைத்தால் கல்யாணம். எங்கள் அரசருக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. மூக்கு இடதுபக்கம் எதையோ தேடிக்கொண்டிருக்கும். இருபது வருஷத்துக்கு முன்பு அவர் படத்தை வரைந்தவர் மாடலன். படத்தில் தழும்பும் இல்லை, மூக்கும் நேர்.

"நான் தலையசைத்தது அந்தப் படத்துக்கு," என்றார் அரசி. "படம் செல்லாது என்றால் என் தலையசைப்பும் செல்லாதுதானே? உத்தரவை மீற நான் யார்?"

அரசியின் உதட்டோரம் துடித்தது. அரசர் அதைக் கவனிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஓய், படம் வரைந்தவன் அயோக்கியன் என்பதற்காக இருபது வருஷக் குடித்தனம் இல்லையென்று ஆகிவிடுமா?"

"இதைத்தான் அரசே காலையில் நான் சொன்னேன்."

கூண்டுக்குள்ளிருந்து கிளி ஏதோ சொன்னது. அதை எழுத முடியாது.

கடைசியில் அரசர் பெருமூச்சு விட்டார். "சுவர் இருக்கட்டும். கீழே கல்லில் வெட்டி வையுங்கள்: இதை வரைந்தவன் நம் வயல் எரிந்ததைக் கொண்டாடியவன், தெரிந்துகொண்டு பாருங்கள் என்று. வழக்குச் சொல்ல வருகிறவன் முதலில் அதைப் படிக்கட்டும். மாடலன் இனி நம் எல்லையை மிதிக்கக் கூடாது."

பெட்டிகள் உள்ளே போயின. எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் தப்பாகப் போயிற்று. அரசர் என் முகத்தைப் பார்த்தார். மண்டபத்துக்குள் போய்ச் சுவரைப் பார்த்தார். யானைக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை நகர்த்தினார்.

"சடையா, இது யார்?"

"அடியேன்தான்."

"முடி?"

"அது ஓவியரின் கருத்து."

அரசர் சிரித்த சிரிப்பில் ஒரு சுண்ணாம்பு வாளி கவிழ்ந்தது.

"உன் யோசனை நல்ல யோசனை," என்றார். "சரிகைச் சால்வைக்குத் தகும். ஆனால் யோசனை சொன்ன நீ சுருள் முடிக்காக என் குடும்பத்தையே வாசலில் நிறுத்தியவன். ஆள் வேறு, வேலை வேறு என்றாயே? சால்வை உனக்கில்லை. சுவரில் இருக்கும் சடையனுக்குப் போர்த்துங்கள்."

படத்தின் தலைக்கு மேல் இரண்டு ஆணி அடித்துச் சால்வையைத் தொங்கவிட்டார்கள். சுருள் முடியும் மறைந்தது, இல்லாத தொந்தியும் மறைந்தது. கணுக்கால்வரை சரிகைதான். வெளியே தெரிந்தவை பாதங்கள் மட்டும். அகலமான பாதங்கள், விரல்கள் ஆளுக்கொரு திசை பார்ப்பவை. மாடலன் அவற்றை மட்டும் உள்ளது உள்ளபடி வரைந்திருந்தார்.

அன்றுமுதல் மண்டபத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள், குனிந்து என் காலைப் பார்த்தார்கள். "அட, நீங்கள்தானா அது," என்றார்கள்.