கூடாரத்துக்குள் வேலி

"வெட்டட்டோ?" என்று கேட்டார் பரராசா.

"எதை?"

"கூடாரத்தை. நடுவாலை. சரி பாதியா."

ரீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கவிழ்த்து வைத்த வாளியின்மேல் குந்தியிருந்தார். முன்னால் ஐஸில் ஒரு துளை. துளைக்குள் தூண்டில். அவருக்குக் கூடாரம் கிடையாது. காற்று முகத்தில் அறைந்தது. அதை அவர் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

ஏரி கரைக்குக் கரை உறைந்து கிடந்தது. கனடாவில் அது அதிசயம் இல்லை. மாசியில் அதன்மேல் லொறியே ஓடும்.

ரீச்சரின் பெயர் தமயந்தி. வயது முப்பத்தைந்துகூட இராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பித்தவர். நிர்வாகத்தோடு கொளுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பள்ளி போனது. ரீச்சர் என்ற பெயர் போகவில்லை.

பனிக்காலத்தில் சனங்கள் அவரிடம் கேள்வி கொண்டு வருவார்கள். அவர் யாருக்கும் ஆறுதல் சொன்னதில்லை. ஆறுதல் சொல்கிறவர்களிடம் போய்ப் போய்க் களைத்தவர்கள்தான் அவரைத் தேடி வந்தார்கள்.

பரராசா ரீச்சரை விட இருபது வயது மூப்பு. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நாலு விரல், ரீச்சர்."

"என்ன நாலு விரல்?"

"வேலியை நாலு விரல் என்ர பக்கம் தள்ளிப்போட்டான். நான் தேத்தண்ணி எடுக்கக் காரடிக்குப் போட்டு வாறதுக்குள்ளை."

"ஆர்?"

"அவன்தான்."

"கூடாரத்துக்குள்ளை என்னண்டு அண்ணை வேலி வந்தது?"

பரராசா சொன்னார். கத்திக் கத்திச் சொன்னார். அதைச் சுருக்கினால் இவ்வளவுதான்.

அது மடித்துச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துப் போகிற கூடாரம். ஐஸ்மேல் விரித்துவிட்டு இரண்டு பேர் உள்ளே இருந்து மீன் பிடிக்கலாம். பரராசாவும் தம்பி குலேந்திரனும் சேர்ந்து வாங்கியது. ஒரு பனிக்காலம் முழுக்க முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்து பிடித்தார்கள்.

பிறகு ஊரில் அப்பாவின் காணியைப் பிரித்தார்கள். நடுவில் வேலி போட ஆள் விட்டார்கள். வேலி மாமரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தொலைபேசியில் சண்டை தொடங்கியது. அந்தக் காணியில் இப்போது யாரும் இல்லை. போய் இருக்கப் போகிறவர்களும் இல்லை. மாங்காயை அணில் தின்கிறது.

அங்கே போட்ட வேலி போதாது என்று இங்கேயும் போட்டார்கள்.

பரராசா மழைக்கு மூடுகிற ஒரு நீலத் தறப்பாளைக் கூடாரத்தின் நடுவில் தொங்கவிட்டார். சாக்கு ஊசியால் கூரையோடு சேர்த்துத் தைத்தார். அடிவிளிம்பை ஐஸில் ஆணி அடித்து இறுக்கினார்.

வாசல் பரராசாவின் பக்கம் வந்தது. குலேந்திரன் பின்பக்கத் துணியைக் கிழித்தான். பழைய ஜக்கெற் ஒன்றின் ஸிப்பைப் பிடுங்கித் தைத்துத் தனக்கென்று வாசல் வைத்தான்.

ஹீற்றரும் பரராசாவின் பக்கம் வந்தது. குலேந்திரன் தறப்பாளில் ஒரு துளை போட்டான். பரராசா அதற்கு ஒட்டுப் போட்டார். குலேந்திரன் ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு துளை போட்டான்.

"சூட்டைக் களவெடுக்கிறான், ரீச்சர்."

"ரெண்டு பேரும் கதைக்கிறேல்லையோ?"

"கோடைக்குப் பிறகு ஒரு சொல் இல்லை."

"பிறகேன் ஒரே கூடாரத்துக்குள்ளை வாறியள்?"

"அது என்ர பாதி. நான் ஏன் வராமல் விடவேணும்?"

ரீச்சர் நூலை ஒரு சாண் மேலே எடுத்துத் திரும்ப விட்டார்.

"இவ்வளவு நாளும் வெட்டேல்லை. இண்டைக்கு ஏன் வெட்டவேணும்?"

பரராசா மூக்கைத் துடைத்தார். கையுறை உறைந்து மரக்கட்டை மாதிரி இருந்தது.

"திங்கட்கிழமை நாட்டின்ர அந்தப் பக்கம், கல்கரிக்குப் போறானாம். குடும்பத்தோடை. ஒரேயடியா."

"அவர் சொன்னவரோ?"

"அவன் எனக்குச் சொல்லுவானோ? எனக்கு முடிவெட்டுறவன் சொன்னான். கழுத்திலை துணியைக் கட்டிவைச்சிட்டுச் சொல்லுறான், 'என்ன அண்ணை, தம்பி போறாராமே' எண்டு. நான் கண்ணாடியைப் பாத்துக்கொண்டு 'ஓம் ஓம், தெரியும்' எண்டனான்."

அவர் ஐஸை உதைத்தார். ஐஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"போகட்டும். எனக்கென்ன? ஆனால் கூடாரத்திலை தன்ர பாதியைக் கொண்டு போகப்போறானாம். முடிவெட்டுறவனுக்கு அதையும் சொல்லியிருக்கிறான். கொண்டு போகட்டும். நானே வெட்டிக் குடுக்கிறன்."

"கத்தி இருக்கோ?"

"இல்லை."

ரீச்சர் எழும்பினார். சப்பாத்துக்குள் செருகியிருந்த மீன் கத்தியை இழுத்தெடுத்தார்.

"நடவுங்கோ."

கூடாரத்தின் உள்ளே இருவர் நிற்க இடம் இல்லை. ரீச்சர் குனிந்து நின்றார். பரராசா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். தறப்பாளுக்கு அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள்.

ரீச்சர் தறப்பாளின் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

குலேந்திரன் சம்மணம் கட்டி இருந்தான். அவனுக்கும் நாற்பத்தைந்து வயதாகிறது. மடியில் தூண்டில். கையில் மகளின் நகப்பூச்சுப் போத்தல். நூலில் கட்டிய ஈயக்குண்டுக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தான்.

"மணத்திலையே தெரியுது, மீனுக்கு வடிவு காட்டுறான்" என்றார் பரராசா.

"ரீச்சர், அவரிட்டைச் சொல்லுங்கோ, சப்பாத்தை வெளியிலை உதறிப்போட்டு வரச்சொல்லி. பனி கரைஞ்சு என்ர பக்கம் வருது" என்றான் குலேந்திரன்.

"அவனிட்டைச் சொல்லுங்கோ ரீச்சர், இது என்ர வாசல். நான் பனியும் கொண்டு வருவன், பேயும் கொண்டு வருவன்."

"அவரிட்டைச் சொல்லுங்கோ, அகதி முகாமிலை ஒரு தறப்பாளுக்குக் கீழை ஒன்பது பேர் படுத்தனாங்கள். அப்ப அவருக்கு இடம் போதுமாயிருந்துது."

"அவனிட்டைச் சொல்லுங்கோ, அப்ப அவன் ஒரு முழம். இப்ப வயித்தைத் தடவிப் பாக்கச் சொல்லுங்கோ."

"நான் என்ன தபால்காரியோ?" என்றார் ரீச்சர்.

இரண்டு பக்கமும் அடங்கியது.

ரீச்சர் கத்தியைப் பரராசாவின் கையில் வைத்தார்.

"வெட்டுங்கோ."

பரராசா கத்தியை உயர்த்தினார். கூரையில் தடிகள் நாலும் வில்லாக வளைந்து வந்து ஒரு கறுப்புக் குமிழில் சேர்ந்திருந்தன. குமிழ் சரியாக வேலிக்கு மேலே இருந்தது. முழுக் கூடாரமும் அதில்தான் நின்றது.

கத்தி நின்றுவிட்டது.

"குமிழ் ஆரின்ர பக்கம்?" என்று கேட்டார் ரீச்சர்.

"என்ர" என்றார் பரராசா.

"என்ர" என்றான் குலேந்திரன்.

ரீச்சருக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. தணியும்.

"சரி. ஆளுக்கொரு தூண்டில் போடுங்கோ. அவரவர் தன்ர பக்கத்து மீனைப் பிடிக்கவேணும். ஆர் முதல் கொண்டு வாறாரோ அவருக்குக் குமிழ். நானே வெட்டித் தாறன். ஆனால் சொல்லிப்போட்டன், பக்கம் மாறி வந்த மீன் சரிவராது."

பரராசா யோசித்தார்.

"என்ர பக்கத்து மீன் எண்டு என்னண்டு தெரியும், ரீச்சர்?"

"மீனிட்டைக் கேளுங்கோ."

ரீச்சர் போய்விட்டார். கத்தியைத் திருப்பி வாங்கவில்லை.

பரராசா தன் பக்கத்து ஐஸ் துளையில் தூண்டிலை இறக்கினார். ஈயக்குண்டு விழுகிற சத்தம் கேட்டது. தறப்பாளுக்கு அந்தப் பக்கமும் ஒரு சத்தம் கேட்டது.

அவர் நூலை இன்னும் விட்டார். அவன் இன்னும் விட்டான். நூல் ஓடுகிற சத்தத்தை வைத்தே அவர் கணக்குப் பார்த்தார். அவனை விட ஆழத்தில் போட வேண்டும். பெரிய மீன் கீழேதான் கிடக்கும்.

அவன் தூண்டிலை இடப்பக்கம் ஆட்டினான். அவர் வலப்பக்கம் ஆட்டினார். மீன் அவன் பக்கம் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். இவர் பக்கம் வந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

ஹீற்றர் இரைந்தது. பரராசா தறப்பாளின் துளைக்கு முன்னால் முதுகைக் கொடுத்து இருந்தார். சூடு ஒரு சொட்டும் அந்தப் பக்கம் போகக்கூடாது. முதுகு வெந்தது. அசையவில்லை.

அந்தப் பக்கம் பல்லுக் கிடுகிடுக்கிற சத்தம் கேட்டது.

நல்லாய் நடுங்கட்டும் என்று நினைத்தார். கல்கரி இதை விடக் குளிராம். அங்கே போய் ஆரின்ர சூட்டைக் களவெடுப்பான்?

தூண்டில் வளைந்தது.

கொஞ்சமாக இல்லை. நுனி ஐஸைத் தொட்டது.

"வந்திட்டுது!" என்று கத்தினார்.

"வந்திட்டுது!" என்று அவனும் கத்தினான்.

பரராசா முழங்காலில் விழுந்தார். இழுத்தார். அது திருப்பி இழுத்தது. வாழ்க்கையில் இப்படி ஒரு மீன் அவர் கையில் மாட்டியதில்லை. அது வேலிப்பக்கம் ஓடியது.

"அங்கால போகாதை! இது என்ர பக்கத்து மீன்!"

"உன்ர பக்கம் எண்டு அது சொன்னதோ?"

கோடைக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிய முதல் சொல் அதுதான். இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"விடடா!"

"நீ விடு! என்ர தூண்டிலிலைதான் கிடக்கு!"

"நாயே!"

"நான் நாயெண்டால் நீ ஆர்? ஒரு தாய்தானே பெத்தது?"

"மாமரத்தை எடுத்தாய், காணாதோ? மீனும் வேணுமோ?"

"மாமரத்தை நான் எடுக்கேல்லை! வேலி போட்டவன் குடிச்சிட்டுப் போட்டவன்! ஆயிரம் தரம் சொல்லிப்போட்டன்!"

"எனக்குச் சொல்லேல்லை!"

"நீ தொலைபேசியை வைச்சிட்டாய்!"

தறப்பாள் பொங்கிப் பொங்கி அடங்கியது. ஒரு முழங்கை இந்தப் பக்கம் இடித்தது. பரராசா அதைத் தன் முழங்கையால் குத்தினார். நூல் கையுறையில் வழுக்கியது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் இழுத்தார்.

"கல்கரிக்குப் போறவனுக்கு இஞ்சத்தை மீன் என்னத்துக்கு?"

அந்தப் பக்கம் இழுவை ஒரு கணம் தளர்ந்தது.

"உனக்கு ஆர் சொன்னது?"

"முடிவெட்டுறவன்! முடிவெட்டுறவன் சொல்லித்தான் எனக்குத் தெரியவேணும்!"

"நீ கேட்டிருக்கலாம்தானே!"

"நான் ஏன் கேக்கவேணும்? நீ சொல்லவேணும்!"

"எந்த வாயாலை சொல்லுறது? வேலிக்கு மேலாலை எறியவோ?"

பரராசா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். தளர்ந்த நூல் ஏறியது. ஒரு முழம். இன்னொரு முழம். தண்ணீர் கலங்கியது. துளை வாயில் ஏதோ தெரிந்தது. பாய்ந்து பிடித்தார்.

அது ஈயக்குண்டு.

சிவப்பு ஈயக்குண்டு.

அவருடைய தூண்டில் முள் அதன் நூலில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கிடந்தது. அந்த நூல் திரும்பத் துளைக்குள் இறங்கி, ஐஸுக்குக் கீழே வளைந்து, வேலிப்பக்கம் போனது. விறைப்பாக நின்றது. நடுங்கியது.

மீன் இல்லை.

பரராசா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் எரிந்தது. ஹீற்றரால் இல்லை. இதற்கா இவ்வளவு நேரம்? இவனோடா?

கத்தி பக்கத்தில் கிடந்தது. எடுத்தார்.

கத்தி முனையை நூலில் வைத்தார். மெல்லிய தங்கூசி நைலோன் நூல். ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவன் அந்தப் பக்கம் மல்லாக்க விழுவான். விழட்டும். எழும்பிக் கல்கரிக்குப் போகட்டும்.

"அண்ணை!"

கை நின்றது.

"அண்ணை, பெரிய சாமான் அண்ணை! கை விறைச்சுப் போச்சு. என்னாலை தனியப் பிடிக்கேலாது. உன்ர நூலிலையும் மாட்டியிருக்குப் போல. நீ அங்கால இறுக்கிப் பிடி. நான் இஞ்சால விட்டுப் பிடிக்கிறன்."

பரராசா கத்தியை நூலிலிருந்து எடுத்தார்.

"அண்ணை? நிக்கிறியோ?"

அவர் கத்தியால் தறப்பாளின் ஒட்டைப் பிய்த்தார். அதன் பக்கத்திலிருந்த துளைக்கு முன்னாலிருந்து முதுகை எடுத்தார். ஹீற்றரைக் காலால் தள்ளி இரண்டு துளைகளுக்கும் நேரே வைத்தார்.

பிறகு கத்தியை வாசலால் வெளியே எறிந்தார்.

நூலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். மெல்ல ஒருக்கால் இழுத்துப் பார்த்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இழுவை திரும்பி வந்தது.

"அண்ணை! இருக்கு! இன்னும் உசிரோடை இருக்கு!"

"ஓமடா விசரா, தெரியுது" என்று கத்தினார் பரராசா. "இழுத்து அறுத்துப்போடாதை."