பால் காய்ச்சாத வீடு

தொம்... தொம்... தொம்...

விளக்கை அணைத்ததும் அந்தச் சத்தம் கேட்டது. சுவருக்கு வெளியே இல்லை, தரைக்குக் கீழே. பவளம் மகள் சிட்டுவை இறுக்கி அணைத்துக்கொண்டு புருஷனை எழுப்பினாள். புது ஊர் என்றால் புதுச் சத்தம் இருக்கத்தானே செய்யும் என்று முணுமுணுத்துவிட்டுக் கந்தப்பன் புரண்டு படுத்தான்.

நம் தாத்தாவின் தாத்தாகூடப் பிறக்காத காலத்துச் சங்கதி இது, கேளுங்கள். நெடுமாடபுரி அரண்மனையில் கொல்லன் வேலை கிடைத்ததென்று, முத்தங்கரைத் துறைமுகத்தை விட்டு அந்த மூவரும் அன்றுதான் வந்திருந்தார்கள்.

விடிந்து கதவைத் திறந்தால் நேற்றைய தெரு இல்லை. எதிரே பூக்கடைகள், குவியல் குவியலாக மல்லிகையும் மருக்கொழுந்தும். வீடே இடம் மாறியிருந்தது. வேலையில் சேரச் சில நாள் இருந்ததால் மூவரும் கைகோத்து நடந்தே ஊர் பார்த்தார்கள். எல்லாம் அழகுதான். ஆனால், "முத்தங்கரை மாதிரி வருமா?" என்றாள் பவளம்.

அன்றிரவும் தொம், தொம், தொம். விடிந்தால் வாசலில் ஆறு. ஓடத்தில் ஏறிப் பன்னிரண்டு வளைவுப் பாலத்தின் அடியில் போனார்கள். "முத்தங்கரை மாதிரி வருமா?" என்றாள் பவளம்.

மூன்றாம் இரவும் தொம், தொம், தொம். விடிந்தால் மணிக்கூண்டு. அங்கே ஓர் ஆமை நின்றது. ஆமை என்றால் சின்ன ஆமையா? ஓட்டின் மேல் வரிசையாகப் பலகை போட்டு ஊரையே ஏற்றிக்கொண்டு போகிற ஆமை. வேகமாகப் போகச் சொன்னால், மேலே மோர் குடிக்கிறவர்களுக்குச் சிந்திவிடும் என்று சாக்குச் சொல்லும். இரட்டைப் புளியமரத்தடியில் அது நின்றபோது மூவரும் இறங்கிப் பணியாரம் தின்றார்கள். எண்ணெய் வாயோடு சிட்டு சிரித்தாள். அன்றைக்கு மட்டும் பவளம் முத்தங்கரையைப் பற்றிப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் மேகம் திரண்டு முன்னதாகவே இருட்டியது. சிட்டு உள்ளே தூங்கினாள். கந்தப்பன் விறகு வாங்கப் போயிருந்தான். பவளம் குடத்தோடு தெருமுனைக் கிணற்றுக்குப் போய்த் திரும்பினால், வீட்டைக் காணோம். வெறும் மனை. தலையில் விறகுக்கட்டோடு வந்த கந்தப்பன் அதை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றான்.

அந்த வழியாக வந்த ஆமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பவளம் அழுதாள்.

"பால் காய்ச்சினியா, தாயி?" என்றது ஆமை.

அவள் தலைகுனிந்தாள். இருக்கப்போகிற வீடா இது, பிறகு பார்க்கலாம் என்று புருஷனிடம் தட்டிக் கழித்தவள் அவள்தான்.

"இந்த ஊரைக் கட்டின மந்திரவாதி எல்லா வீட்டுக்கும் கால் வெச்சான். பால் பொங்கினா வீடு காலை மடக்கிக்கும். பொங்கலைன்னா, இருட்டினதும் வீட்டுக்காரி மனசு போற பக்கம் அதுவும் நடக்கும்."

பவளத்துக்குப் புரிந்துவிட்டது. முதல் இரவு முத்தங்கரை மல்லிகையை நினைத்தாள். அடுத்த இரவு அலையை. அதற்கடுத்துத் துறைமுக மணியை. பாவம், வீடு ஊருக்குள்ளே தேடி, கிடைத்ததன் முன்னால் போய் நின்றிருக்கிறது.

"இன்னைக்கும் முத்தங்கரையைத்தான் நினைச்சியா?" ஆமையின் குரல் தணிந்தது. "கோட்டை வாசலைத் தாண்டின வீடு எதுவும் திரும்பினதில்லை."

கிணற்றடியில் என்ன நினைத்தேன்? பவளம் கண்ணை மூடினாள்.

"ஏங்க, ஏறுங்க," என்றாள் புருஷனிடம். "எனக்கு இடம் தெரியும்."

ஆமைக்கே அவள்தான் வழி சொன்னாள். அரண்மனைக் குதிரை லாயத்தைச் சுற்ற வேண்டாம், பூக்கடைச் சந்து குறுக்கு வழி, பாலம் தாண்டியதும் வலது பக்கம். இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது என்று அவளுக்கே வியப்பு. மோர் சிந்தச் சிந்த ஆமை ஓடியது.

இரட்டைப் புளியமரத்தடியில் நின்றிருந்தது வீடு. உள்ளே சிட்டு இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். இங்கே சிரித்த குழந்தையைத்தானே கிணற்றடியில் பவளம் நினைத்திருந்தாள்.

பணியாரக்காரி ஒரு செம்புப் பால் கொடுத்தாள். கந்தப்பன் அடுப்பு மூட்டினான். பால் பொங்கி வழிந்ததும், களைத்த மாடு படுப்பதுபோல வீடு பெருமூச்சோடு காலை மடக்கி அமர்ந்தது. அன்றோடு மந்திரம் விட்டது.

கண்ணைக் கசக்கி எழுந்த சிட்டு, "நாளைக்கு வீடு எங்கம்மா போகும்?" என்றாள்.

"வீடு எங்கேயும் போகாதுடி. நாமதான் ஊர் சுத்தப் போறோம்."

முத்தங்கரை கனவில் வந்தால் வரட்டும், வந்துவிட்டுப் போகட்டும். எந்த நேரமும் வெளியே ஓட வேண்டியிருக்குமோ என்று இத்தனை இரவும் கதவை வெறுமனே சாத்தியே வைத்திருந்த பவளம், அன்றைக்குத்தான் உள்ளிருந்து தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.