பதில் வணக்கம்

டாக்டர் கோமதிநாயகத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. டாக்டர் பொன்சீலிக்கு முப்பத்தாறு. ஆனாலும் கோமதிநாயகம்தான் சிஷ்யர்.

பல வருஷம் கப்பலில் டாக்டராக இருந்தவர் அவர். அங்கே எல்லாம் திடகாத்திரமான ஆட்கள். தையல் போடுவார், ஊசி போடுவார், முடிந்தது. கரைக்கு வந்து ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் தனக்குத் தெரியாதது எவ்வளவு என்று புரிந்தது. அதை மறைக்காமல், "மேடம், கத்துக்குடுங்க" என்று அங்கிருந்த பொன்சீலியிடமே கேட்டார். அவரிடம் நல்ல விஷயம் அது. கெட்ட விஷயம், அவசரம்.

பொன்சீலிக்கு ஒரு பழக்கம். யார் உள்ளே வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு நேராக அழுத்திச் சேர்த்து வணக்கம் சொல்வார். வந்தவர் திரும்பக் கும்பிடும் வரை உட்கார மாட்டார். வெளியே கூட்டம் முணுமுணுக்கும்.

ஒரு நாள் கோமதிநாயகத்துக்குப் பொறுக்கவில்லை.

"நானும்தான் மேடம் வணக்கம் சொல்றேன். எழுதிக்கிட்டே சொல்லிடறேன். நீங்க என்ன, கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? இது மரியாதையா, வைத்தியமா?"

"அடுத்தவங்கள வரச் சொல்லுங்க சார்," என்றார் பொன்சீலி.

வந்தவர் கீழத்தெருவில் இடியாப்பக் கடை வைத்திருக்கும் சந்தனமாரி. கோமதிநாயகம் போன மாசமே பார்த்த ஆள்தான்.

"இவங்கள எனக்குத் தெரியும். மணிக்கட்டு வலி. பிழிஞ்சு பிழிஞ்சு வந்தது. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல. வலி மாத்திரையும் கட்டும் குடுத்து, வேலையைக் குறைங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

பொன்சீலி எழுந்து கும்பிட்டார். சந்தனமாரி ஒரு கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சமாளித்தார். பொன்சீலி உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

வேறு வழியில்லாமல் சந்தனமாரி இரண்டு கையையும் தூக்கினார். விரல் நுனிகள் தொட்டன. உள்ளங்கைகள் சேரவில்லை. நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் வைக்கலாம் போல இடைவெளி.

"இதுக்கு மேல வரமாட்டேங்கு டாக்டரம்மா. கோயில்ல பக்கத்துல நிக்கிறவ கேக்கா, சாமிக்கே அரைக் கும்பிடுதானான்னு."

"பிழியிறது எந்தக் கை?"

"வலது கை. இடது கை இடியாப்ப உழக்க சும்மா பிடிச்சிக்கிடும்."

"சும்மா இருக்கிற கை ஏன் சேர மாட்டேங்குது?"

சந்தனமாரி இடது கையைத் திருப்பிப் பார்த்தார். கோமதிநாயகமும் எட்டிப் பார்த்தார்.

"எப்ப ரொம்ப கஷ்டம்?" என்றார் பொன்சீலி.

"விடியக்காலம்தான். ரெண்டு கையும் கட்டை மாதிரி கெடக்கும். பத்து மணிக்கு மேல தானா இளகிரும். ஆனா இடியாப்பத்துக்கு ஆளு ஏழு மணிக்குல்லா வருது. பத்து மணிக்கு யாரு வாரா? இந்த மாசத்தோட கடைய மூடிருன்னு வீட்டுல சொல்லிட்டாக. எனக்குத்தான் மனசு வரல."

பிழிந்து வந்த வலி என்றால் பிழிந்த பிறகு அதிகமாக வேண்டும். இது வேலை செய்யச் செய்ய இளகுகிறது. போன மாசம் இதை அவர் சொன்னாரா என்று கோமதிநாயகம் யோசித்தார். சொன்னார். அப்போது கோமதிநாயகம் எழுதிக்கொண்டிருந்தார்.

பொன்சீலி அவருடைய இடது மணிக்கட்டைக் கட்டை விரலால் மெதுவாக அழுத்தினார். பிறகு விரல்கள் தொடங்குகிற மூட்டுகளைச் சேர்த்துப் பிடித்து லேசாக அமுக்கினார். சந்தனமாரி மூச்சை இழுத்துக்கொண்டார்.

"சார், நீங்களும் தொட்டுப் பாருங்க."

தொட்டார். வெதுவெதுப்பாக, பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று வீங்கியிருந்தது. மறு கையும் அப்படியே.

"எக்ஸ்ரே நல்லா இருந்துச்சே மேடம்."

"அதுல தெரியிற வரைக்கும் காத்திருந்தா எலும்பு அரிச்சுப் போயிரும். முடக்குவாதம் மாதிரி இருக்கு. ரத்தம் எடுப்போம். அதுல இல்லன்னு வந்தாலும் இந்த வாரமே பெரியாஸ்பத்திரி மூட்டு டாக்டர்ட்ட அனுப்பணும்."

சந்தனமாரி இதையெல்லாம் கேட்கவில்லை. அவருக்கு ஒரே கேள்விதான். "கடைய மூடணுமா?"

"மூடாதீங்க. காலையில எந்திரிச்சதும் வெந்நீர்ல கைய வைங்க. ராத்திரி மணிக்கட்டுக்கு ஒரு பட்டை தர்றேன், போட்டுக்கிட்டுத் தூங்குங்க. மருந்து பிடிக்கிற வரைக்கும் வீட்டுக்காரர் பிழியட்டும்."

"அவுகளா? அவுக பிழிஞ்சா முறுக்குதான் வரும்."

பொன்சீலி சிரித்துவிட்டார். கோமதிநாயகம் சிரிக்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்கான கடிதத்தை அவரே எழுதினார்.

சில மாசம் போனது. ஒரு காலையில் சந்தனமாரி தூக்குச் சட்டியோடு வந்தார். இடியாப்பம், தேங்காய்ப் பால்.

"வாரம் ஒரு நாள் மாத்திரை, அப்பப்ப ரத்தப் பரிசோதனை. விடிஞ்சதும் கை சொன்னபடி கேக்குது டாக்டரம்மா. அவுகளையும் விடல. மாவு பிசையிறது அவுக, பிழியிறது நான்."

சட்டியை மேசையில் வைத்தார். அவர் நிமிர்வதற்குள் கோமதிநாயகம் எழுந்து நின்று கும்பிட்டிருந்தார். சந்தனமாரியும் கும்பிட்டார். உள்ளங்கைகள் ஏறக்குறைய சேர்ந்தன. கொஞ்சம் இடைவெளி இருந்தது. எலுமிச்சம்பழம் அளவுக்கு இல்லை.

அவர் போன பிறகு இரண்டு பேரும் இடியாப்பம் சாப்பிட்டார்கள். நூல் நூலாக, நன்றாக இருந்தது.

"மேடம், அன்னைக்குக் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல. அந்த வணக்கம் மரியாதையா, வைத்தியமா?"

பொன்சீலி கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"வணக்கம்னா வணக்கம்தான் சார். பதில் வர்ற வரைக்கும் நிக்கணும், அவ்வளவுதான்."