தெரியலைன்னு சொல்லத் தெரியாத மூணு மெஷின்

ஒரு ஊர்ல ஒரு கம்ப்யூட்டர் இல்லடி சின்னு, மூணு கம்ப்யூட்டர் இருந்துச்சாம். ஒண்ணு தெருமுனை கிளினிக்ல, ஒண்ணு பெரியாஸ்பத்திரியில, ஒண்ணு அங்கேயே மருந்து கொடுக்கிற இடத்துல. தலைக்கனம்னா அப்படி ஒரு தலைக்கனம் மூணுக்கும். ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குப் புரியாது. ம் கொட்டுடி, அப்பத்தான் சொல்லுவேன்.

"ம்."

அந்த ஊர்ல எழிலின்னு உன் வயசுல ஒரு பொண்ணு. அவளுக்கு ஒரு ஊசி ஆகவே ஆகாது. போட்டா மூஞ்சி புஸ்ஸுன்னு வீங்கி மூச்சு முட்டிடும். கிளினிக் மெஷினுக்கு அது தெரியும், 'ஒத்துக்காது'ன்னு எழுதி வெச்சு, பெரியாஸ்பத்திரி மெஷினுக்கும் அனுப்பியிருந்துச்சு. அப்புறம் ஒருநாள் அவளுக்கு அனலாக் காய்ச்சல். அவ அம்மா காமாட்சி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா. டாக்டர் அதே ஊசியை எழுதிட்டார்.

"ஐயோ, அது இவளுக்கு ஆகாதுங்க!"

டாக்டர் திரையைப் பாத்தார். "சிஸ்டத்துல அப்படி ஒண்ணும் வரலையேம்மா."

பெத்தவ வாயால சொல்றா, இவரு பொட்டியைப் பாக்கிறாரு! உன் அத்தை நான் ஆஸ்பத்திரி வார்டுல தினம் பாக்கிற கூத்துதான் இது. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

காமாட்சி புள்ளையோட கையைப் புடவைக்குள்ள சுத்திக்கிட்டு, விடவே மாட்டேன்னுட்டா. அப்போ கம்ப்யூட்டரையெல்லாம் சரிபண்ற ஷாகிராவைக் கூப்பிட்டாங்க. அவ குடுகுடுன்னு ஓடிவந்து மூணையும் பேச வெச்சா.

"எல்லாரும் ஒரே வார்த்தை வெச்சுக்கலாமா?"

"ஓ, வெச்சுக்கலாமே, என் வார்த்தையை!"ன்னுச்சு மூணும். கிளினிக்குக்கு 'ஒத்துக்காது'. பெரியாஸ்பத்திரிக்கு 'ஒவ்வாமை'. மருந்து மெஷின் எழுத்தே எழுதாதாம், அதே சேதிக்கு வெறும் நம்பர்தானாம், நாப்பத்தேழுன்னு. பெரிய ராஜா வீட்டுப் பிள்ளை!

அப்புறம் ஷாகிராவே புதுசா ஒரு வார்த்தை கொடுத்தா. "அருமை, அருமை!"ன்னு மூணும் பட்டுப் பட்டுன்னு கை தட்டிச்சு. தட்டிட்டு, அதது தன் பழைய வார்த்தைக்கே போயிடுச்சு. மூணு வார்த்தை இருந்தது நாலாச்சு, அவ்வளவுதான். தூங்கிட்டியா?

"ம்ஹும்."

கிணுகிணுன்னு ஊசித் தட்டு வர்ற சத்தம் கேட்டுச்சு. ஷாகிராவுக்கு வேர்த்துடுச்சு. கடைசியா பெரியாஸ்பத்திரி மெஷினைக் கேட்டா: "உனக்குப் புரியாத வார்த்தை வந்தா என்ன பண்ணுவே?"

"காலியா விட்டுடுவேன்."

"காலியா வந்தா நீ என்ன பண்ணுவே?"ன்னு மருந்து மெஷினைக் கேட்டா.

"ஒரு தொந்தரவும் இல்லைன்னு எடுத்துக்கிட்டு மருந்தைக் கொடுத்துடுவேன்."

"அடப் பாவிங்களா! தெரியலைன்னு சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"நாங்க போய் தெரியலைன்னு சொல்றதா? எங்க மரியாதை என்ன ஆகிறது?"

"கரண்டைப் பிடுங்கிடுவேன்"ன்னா பாரு, மூணும் கப்சிப். "உங்க வார்த்தையெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க. புரியாதப்போ மட்டும் மூணு பேரும் ஒரே மாதிரி 'தெரியலை, கேளுங்க'ன்னு சொல்லணும்." சரி சரின்னுச்சுங்க.

அப்புறம் கிளினிக் மெஷின் மறுபடி அனுப்பிச்சு. பெரியாஸ்பத்திரித் திரையில சிவப்பா வந்துச்சு: 'இந்தப் பொண்ணுக்கு ஏதோ இருக்கு. என்னன்னு தெரியலை. கேளுங்க.'

டாக்டர் அப்பத்தான் முதல் தடவையா தலையைத் திருப்பி காமாட்சியைப் பாத்தார். "என்னம்மா ஆகாது இவளுக்கு?"

அவ அழுதுட்டா. வேற மருந்து கொடுத்தாங்க. எழிலி பொழைச்சுக்கிட்டா.

இப்ப அந்த மெஷினுங்க மூணும் நல்லாவே தெரியலைன்னு சொல்லுதுங்க. டாக்டருக்கு மட்டும்தான் இன்னும் அது வாயில வரலை. சரி, கதை படுத்துருச்சு, நீயும் படு.