பூவாயி கிண்டின தக்காளித் தொக்கு

காலை உதைக்காதடி ஆதிரை, போர்வை கிழிஞ்சிரும். அத்தை ஒரு கதை சொல்றேன். நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா பாதியில நிறுத்திடுவேன், ஆமா.

மலையடிவாரத்துல ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு அவசரக்குடுக்கை இருந்தா. பேரு பூவாயி. சோறு வேகுறதுக்கு முன்னாடியே வடிச்சிருவா. ஒரு காலுக்குச் செருப்பு மாட்டும்போதே இன்னொரு கால் தெருவுல இருக்கும். சிரிக்காத, "ம்" சொல்லு.

அவளுக்கு ஒரே மக, செண்பகம். கட்டிக்குடுத்து வேற ஊர்ல இருக்கா. வயித்துல பாப்பா வேற. மசக்கைம்பாங்களே, அது. இட்லி தின்னா உவ்வே. கஞ்சி குடிச்சா உவ்வே. வெறும் தண்ணி குடிச்சாலும் உவ்வே. புள்ள துவண்டு போயிட்டா. அப்போ ஒருநாள் காலையில மாப்பிள்ளை போன் போட்டாரு.

"அத்தை, இன்னிக்கும் ஒண்ணும் உள்ள தங்கலைன்னா ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இவளைக் கேட்டா, எங்கம்மா கொல்லைத் தக்காளியில தொக்கு கிண்டிக் குடுத்தா ஒரு வாய் பாக்குறேங்குறா."

பெத்த வயிறு, பதறாம இருக்குமா? பூவாயி கொல்லைக்கு ஓடினா, திடுதிடுதிடுன்னு. பதினொரு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் சாயங்காலம்தான் பஸ்ஸு.

கொல்லையில பாத்தா குரங்குக் கூட்டம்! ஒரு கடி கடிக்குது, தூக்கி எறியுது. அடுத்த பழம், ஒரு கடி, எறியுது. பூவாயி தகரத்தை எடுத்து டமடமடமன்னு தட்டினா. எல்லாம் சுவரேறிக் குதிச்சு ஓடிருச்சு. ஒரு கிழட்டுக் குரங்கு மட்டும் போற போக்குல அவளைப் பாத்துப் பல்லைக் காட்டிட்டுப் போச்சு. இலைக்கு அடியில தப்பிச்ச பழத்தையெல்லாம் மடியில கட்டிக்கிட்டு அவ உள்ள ஓடினா.

அப்புறம் அடுப்பைப் பத்த வெச்சா. சட்டியில நல்லெண்ணெய். கடுகு படபடபட. தக்காளியைக் கையாலேயே பிசைஞ்சு போட்டா, சொய்ங்! மஞ்சத்தூள், மிளகாத்தூள், பெருங்காயம். கொதகொதன்னு கொதிக்குது, கிண்டுறா, கிண்டுறா. அப்போ பாத்து அடுப்பு புஸ்ஸுன்னு அணைஞ்சு போச்சு. சிலிண்டர் காலி!

என்னது, அழுதாளாவா? அதுக்கு ஏதுடி நேரம்? சட்டியைத் தூக்கிக்கிட்டு பக்கத்து வீட்டு சரசு கிட்ட ஓடினா.

"அக்கா, அடுப்பைக் குடுங்க."

"பால் காயுதுடி."

"பால் அப்புறம் காயட்டும். இறக்குங்க!"

தொக்குன்னா எண்ணெய் பிரிஞ்சு மேல வரணும். பூவாயி சட்டியைப் பாத்து, "பிரி, சீக்கிரம் பிரி"ன்னு அதட்டுறா. எண்ணெய் எங்க கேக்குது? அது தன் பாட்டுக்கு நிதானமாத்தான் பிரிஞ்சுது.

பிரியவும், தெருமுனையில பாம் பாம்! பஸ்ஸு. கொதிக்கக் கொதிக்க எடுத்துக் கண்ணாடி பாட்டில்ல ஊத்தினா பாரு... டப்! பாட்டில் ரெண்டாப் பிளந்து தொக்கு தரையில. பூவாயிக்கு இப்போ அழுகை வந்திருச்சு.

"ஏன்டி நிக்கிற? சட்டியில இன்னும் கிடக்கே. அப்படியே தூக்கிட்டு ஓடு!"ன்னு சரசு ஒரு துணியைப் போட்டுச் சுத்திக் குடுத்தா.

சட்டியோட பஸ்ஸுல ஏறினா. கண்டக்டர், "என்னம்மா, சட்டி மட்டும் வந்திருக்கு, அடுப்பு எங்க?"ன்னு கேட்டாரு.

"பேசாம விசிலை ஊதுங்க தம்பி!"

அங்க போனா செண்பகம் சுவரோரம் சுருண்டு கிடக்கா. பூவாயி சோத்துல தொக்கைப் போட்டுப் பிசைஞ்சு ஒரு வாய் ஊட்டினா. மக முழுங்கினா. எல்லாரும் அவ முகத்தையே பாக்குறாங்க. வெளிய வரல! இன்னொரு வாய். அதுவும் தங்கிருச்சு. மாப்பிள்ளைக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. புள்ள தட்டு மொத்தத்தையும் காலி பண்ணிட்டா.

ம்... முழிச்சிருக்கியா?

அப்புறம் பூவாயி கையில ஒட்டினதை நக்கிப் பாத்தா. பாத்துட்டு, "அடிப்பாவி! உப்பே போடலையேடி! ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"ன்னு மிச்சத் தொக்குக்கு உப்பு எடுக்க எழுந்திரிச்சா.

செண்பகம் அம்மா சேலையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

"சொன்னா இப்படி எழுந்திரிச்சு ஓடுவ. நீ பக்கத்துல உக்காந்து ஊட்டினதுனாலதாம்மா உள்ள இறங்குச்சு. கொஞ்ச நேரம் இரேன்."

பூவாயி திரும்ப உக்காந்தா. மக அவ மடியில தலையை வெச்சுத் தூங்கிட்டா. அவ ஊருக்குத் திரும்புற சாயங்கால பஸ்ஸு பாம் பாம்னு வந்துச்சு, போச்சு. இவ அசையவே இல்ல.

அவ்ளோதான்டி, கதைக்கும் கண்ணு சொருகிருச்சு. அந்த அவசரக்குடுக்கையே சும்மா உக்காந்துட்டா, நீ காலை ஆட்டாம தூங்கு. அத்தை எங்கயும் போகல.