நாலு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை

செந்தூர்பாண்டி பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவன். ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து, ஓட்டப் பயிற்சி கொடுக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள, விளையாட்டு விடுதியின் பயிற்சியாளரம்மா பெர்னதெத்திடம் சேர்ந்திருந்தான். குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஒரே வயது.

விடுதியில் எண்ணூறு மீட்டர் ஓடும் பெண்கள் ஆறு பேர். மாநிலப் போட்டிக்கு இரண்டு பேர்தான் போகலாம். போகாதவர்களுக்கு அடுத்த வருடம் விடுதியில் இடம் கிடையாது.

ஆளைப் பொறுக்கும் வேலையைப் பெர்னதெத் பாண்டியிடம் விட்டிருந்தார். அவன் பட்டாளத்து ஒழுங்குப்படி செய்தான். நாலு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலை ஆறரைக்குத் தேர்வோட்டம். மழை பெய்தாலும் சரி, கோயில் கொடைத் திருவிழா வந்தாலும் சரி, ஒரு நாள் தள்ளாது.

மூன்று தேர்வோட்டம் முடிந்ததும் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றான்.

"இசக்கியம்மா பேரை அடிச்சிரலாம் மேடம்."

"ஏன்?"

"பயிற்சியில புலி, பரீட்சையில எலி. மத்த நாள்ல ரெண்டு நிமிஷம் பன்னெண்டு செகண்டுல வாரா. தேர்வுன்னு வந்தா ரெண்டு இருபது. மூணு தடவையும் இதே கதைதான். சரியான பயந்தாங்கொள்ளி."

பெர்னதெத் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றினார். இசக்கியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, மூணு மாசமா உனக்கு மாதவிலக்கு வந்த நாளையெல்லாம் இதுல வட்டம் போடு."

இசக்கி பாண்டியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார் நிக்காங்களே அக்கா."

"உன் பேரை அடிக்கப் போறவரே அவருதான். அவருதான் பாக்கணும்."

மூன்று வட்டம் விழுந்தது. மூன்றும் வெள்ளிக்கிழமை. தேர்வோட்டத்துக்கு முந்தின நாள்.

பாண்டி தன் நோட்டை ஒரு தரம் பார்த்தான், காலண்டரை ஒரு தரம் பார்த்தான்.

"ராத்திரி பூரா வயித்துவலியில தூக்கமே இருக்காது சார்," என்றாள் இசக்கி. "காலையில வாயில ஒண்ணும் எறங்காது. அப்படியே வந்து ஓடுவேன்."

பாண்டிக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கத்திலும் அவனுக்கு ஒரு உத்தரவு போடத்தான் தோன்றியது.

"அப்ப இனிமே விலக்கான மொத ரெண்டு நாளும் எந்தப் பிள்ளைக்கும் தேர்வு கிடையாது மேடம். எழுதி ஒட்டிருவோம்."

பெர்னதெத் பிலோமியைக் கூப்பிட்டார். மூன்று தேர்விலும் முதலாவதாக வந்தவள் அவள்.

"உனக்கு நல்லா ஓட வர்றது எப்ப?"

"விலக்கான ரெண்டாம் நாளு, அக்கா. உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். அதுக்கு முந்தின வாரந்தான் காலு கல்லாக் கனக்கும்."

பாண்டி தலையைச் சொறிந்தான்.

"என்ன மேடம் இது, ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுதாளுக! சரி, இசக்கிக்கு மாநிலப் போட்டி அந்த நாள்லயே வந்து தொலைச்சா?"

"வரட்டும். டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போவோம். வலிக்கு என்ன வழி, வெறும் வயித்துல ஓடாம இருக்க என்ன வழின்னு இப்பவே பாப்போம். பேரை அடிக்கலியா?"

பாண்டி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"பட்டாளத்துல இதெல்லாம் யாரு மேடம் சொல்லிக் குடுத்தா? நீங்க பொம்பளை, உங்களுக்குத் தெரியுது. ஆம்பளை எனக்கு எப்படித் தெரியும்?"

பெர்னதெத் காலண்டரை மறுபடி ஆணியில் மாட்டினார்.

"எனக்கு மட்டும் என்ன தெரியும் ஹவில்தாரே? ஓடின காலத்துல எனக்கு மாசம் முப்பது நாளும் ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு. இவளுககிட்ட கேட்டேன். உங்க முன்னாலதானே கேட்டேன்."