தேவாங்கு மறைத்த முடிச்சு

காட்டுக்குள் ஒரு நாவல் மரத்தடியில் சடையன் என்ற கரடி தையல் கடை வைத்திருந்தது. கரடிக்கு ஏது தையல் மெஷின் என்று கேட்கக் கூடாது. கேட்டால் கதை நகராது! அதே மரத்தின் உச்சியில் செவ்வந்தி என்ற தேவாங்கு தன் குட்டியோடு குடியிருந்தது.

மயில் வீட்டில் கல்யாணம் வந்தது. மணப்பெண்ணுக்குப் பூவேலை செய்த முந்தானை வேண்டுமாம். பச்சை, நீலம், ஊதா, பொன்நிறம் என்று நூலை மாற்றி மாற்றித் தைக்க வேண்டும். சடையனின் கையோ உலக்கை! ஊசிக் காதில் நூல் நுழைவேனா என்றது. எச்சில் தொட்டுத் திரித்தால் நூல் இரண்டாகப் பிரிந்தது. கரடி தலையில் அடித்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தியது.

"செவ்வந்தி அக்கா! கொஞ்சம் இறங்கி வந்து கோத்துக் குடுங்கக்கா!"

"வர்றேன்டா தம்பி, வர்றேன்!"

தேவாங்குக்குப் பகல்தான் தூங்கும் நேரம். வெயில் பட்டால் அந்தப் பெரிய கண் கூசித் தண்ணீராய்க் கொட்டும். ஆனாலும் இறங்கி வந்து, மெல்லிய விரலால் ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தது.

"அக்கா, நீங்க இல்லேன்னா என் பிழைப்பு நாறிப்போயிருக்கும்!" என்று கும்பிட்டது கரடி.

அந்த ஒரு வார்த்தை செவ்வந்திக்கு வெல்லமாய் இனித்தது. புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்?

ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் அதற்குப் பழைய நூலை உருவச் சோம்பலாக இருந்தது. நூல்கண்டுப் பக்கம் அதை வெட்டி, அந்த நுனியில் புது நூலைச் சின்னதாக முடிச்சுப் போட்டது. ஊசிப் பக்கமிருந்து மெல்ல இழுத்துப் பார்த்தது. அட! பழைய நூலின் பின்னாலேயே புது நூலும் வந்து ஊசிக் காதில் நுழைந்துவிட்டது! இதற்குக் கூர்மையான கண் எதற்கு? கரடியின் கையே போதுமே!

செவ்வந்திக்குப் பகீரென்றது. 'இது இவனுக்குத் தெரிஞ்சா அப்புறம் என்னை எவன் கூப்பிடுவான்?'

"தம்பி, ஒரு நிறம் முடிஞ்சதும் பழைய நூலை உருவி எறிஞ்சிடு. உள்ளே கிடந்தா மெஷினுக்கு ஆகாது!"

"அப்படியாக்கா? சரிக்கா!" அப்பாவிக் கரடி நம்பிவிட்டது.

அப்புறம் என்ன? பச்சை முடிந்தால் "அக்கா!" நீலம் முடிந்தால் "அக்கா!" கண் அசரும்போது "அக்கா!" ஏறி இறங்கியே செவ்வந்தியின் இடுப்பு ஒடிந்தது. பொழுது சாய்ந்து பூச்சி பிடிக்கக் கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளையிலேயே சுருண்டு விழுந்தது. இரை இல்லை. பால் வற்றிப்போனது.

"அம்மா, பசிக்குது."

"இரு கண்ணு, இந்த ஊதா ஒண்ணு முடியட்டும்."

"நேத்தும் இதைத்தானேம்மா சொன்னே?"

அதற்குள் செவ்வந்திக்குக் கண் சொருகிவிட்டது.

மறுநாள் உச்சி வெயிலில் மறுபடி சத்தம் கேட்டது. "அக்கா! பொன்நிறம் கோக்கணும்!"

செவ்வந்தி பாதிக் கண்ணை மூடியபடியே இறங்கியது. அதன் வயிற்றைப் பிடித்துத் தொங்கிய குட்டியின் கை தளர்ந்தது. பட்டினி கிடக்கிற பிள்ளைக்குப் பலம் ஏது? பொத்தென்று விழுந்தது!

நல்லவேளை, சடையனின் மடியில் முந்தானை மடிப்பு மடிப்பாய்க் கிடந்தது. குட்டி அதன்மேல் விழுந்தது. அது அழக்கூட இல்லை.

"என்னக்கா இது, பிள்ளை பஞ்சு மாதிரி கனமே இல்லாம இருக்கு! பால் குடுக்கிறீங்களா இல்லையா?"

செவ்வந்தி குட்டியை வாரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதது. கரடி என்ன செய்வதென்று தெரியாமல், மெஷினில் கிடந்த ஊதா நூலை வழக்கம்போல உருவப் போனது.

"உருவாதே தம்பி! நூல்கண்டுப் பக்கம் வெட்டி, அந்த நுனியிலே புது நூலை முடிஞ்சு, ஊசிப் பக்கமிருந்து மெதுவா இழு. தானா வந்துடும்!"

சடையன் தடித்த விரலால் எப்படியோ முடிச்சுப் போட்டு இழுத்தது. பொன்நிற நூல் ஊசிக் காது வழியாக வெளியே வந்தது. கரடி வாயைப் பிளந்தது.

"அடிப்பாவி அக்கா! இது உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?"

"ரொம்ப நாளாத் தெரியும்."

"பின்னே ஏன் சொல்லலே?"

"சொல்லியிருந்தா நீ என்னைக் கூப்பிட மாட்டியேடா!"

கரடிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. குட்டியின் ஒட்டிய வயிற்றைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தான் குடிக்க வைத்திருந்த தேனை எடுத்துக் குட்டியின் வாயில் தடவியது.

"போய்த் தூங்குங்கக்கா. பொழுது சாய்ஞ்சதும் பிள்ளைக்கு இரை தேடுங்க."

அன்று முழுக்க மெஷின் ஓடியது. நிறம் நிறமாய் நூல் மாறியது. யாரும் மேலே பார்த்துக் கத்தவில்லை. செவ்வந்தி கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. பிறகு குட்டியை அணைத்தபடி தூங்கிப்போனது.

'நான் இல்லாவிட்டால் நடக்காது' என்ற பேருக்காகப் பிறருக்குச் சொல்ல வேண்டியதை மறைப்பவர், கடைசியில் பெற்ற பிள்ளைக்கும் உதவாமல் போவார்.